கியூஎமு மெய்நிகர் சாதனங்களில் ஃபஸ்ஸிங் சோதனை

ஒரு கணினியின் செயலி, நினைவகம், வட்டு, வலையட்டை ஆகிய அனைத்தையும் மென்பொருளாலேயே உருவாக்கி, அதன்மேல் இன்னொரு இயங்குதளத்தை ஓடவைக்கும் நிரல் எமுலேட்டர் எனப்படும். அதற்குள் வன்பொருளாக இல்லாமல் நிரல்வரிகளாக மட்டுமே இருக்கும் வட்டுக் கட்டுப்படுத்தி, வலையட்டை, ஒலியட்டை முதலியவை மெய்நிகர் சாதனங்கள். இச்சாதனங்களுக்கு ஒழுங்கற்ற, எதிர்பாராத உள்ளீடுகளைத் தானியங்கியாகக் கோடிக்கணக்கில் ஊட்டி, எந்த உள்ளீட்டில் நிரல் நிலைகுலைகிறது என்று தேடும் முறையே மெய்நிகர் சாதன ஃபஸ்ஸிங். இதற்கான களங்களில் மிகுதியாக ஆராயப்பட்டது கியூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் தொடங்கிய இந்தத் திறமூல எமுலேட்டர், லினக்ஸ் கருவிலுள்ள மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம்முடன் இணைந்து, இன்று ஏராளமான வாடகைச் சேவையகங்களைத் தாங்கி நிற்கிறது. சாதனத்தின் கையேடு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் நன்றாக எழுதப்பட்டிருந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதையே பெரும்பாலும் விவரிக்கிறது. பாதுகாப்பு உடைவதோ அந்த ஒழுங்குக்கு வெளியே. ஆகவே கையேட்டை அறியாத சோதனையாளர்தான் இங்கே மிகுதியாகக் கண்டுபிடிப்பார். ஆனால் வெறும் தற்செயல் மட்டும் போதாது. சாதனம் கவனிக்கும் இடங்களுக்கு ஏற்ப உள்ளீட்டு வெளியையே மடக்கிக் கொடுத்தால்தான் தற்செயலுக்கு வலிமை வருகிறது. கியூஎமுவின் அனுபவம் இந்த முடிவுக்கே இட்டுச் செல்கிறது.

உண்மையான வன்பொருளில் டிரைவரும் சாதனமும் ஒரே உரிமையாளரின் இயந்திரத்துக்குள் இருக்கின்றன. சாதனத்தைக் கட்டுப்படுத்தும் மதிப்புகளைத் தாங்கும் பதிவகத்தில் டிரைவர் தவறான மதிப்பை எழுதினால் கெடுவது அந்த இயந்திரம்தான். சாதனத்தைத் தயாரித்தவர் டிரைவரை நம்பியே வடிவமைக்கிறார். மெய்நிகர் உலகில் இந்த நம்பிக்கைக்கு இடமில்லை. உள்ளே ஓடும் இயங்குதளமான கெஸ்ட் ஒருவருடையது; அதைத் தாங்கும் ஹோஸ்ட் இன்னொருவருடையது; அதே ஹோஸ்ட்டில் மூன்றாம் நபரின் கெஸ்ட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். மெய்நிகர் வலையட்டையின் நிரல் ஓடுவது கெஸ்ட்டுக்குள் அல்ல, ஹோஸ்ட்டில் இயங்கும் கியூஎமு என்ற செயல்முறைக்குள். அந்த நிரலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. கெஸ்ட்டில் நிர்வாகி உரிமை பெற்ற எவரும் டிரைவரை அகற்றிவிட்டு, எந்தப் பதிவகத்திலும் எந்த மதிப்பையும் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த எழுத்துகளில் ஒன்று பஃபரின் எல்லையைத் தாண்டினால், சிதைவது ஹோஸ்ட்டின் நினைவகம். தாக்குபவர் கெஸ்ட்டை விட்டு வெளியேறி ஹோஸ்ட்டைக் கைப்பற்றும் வழி அங்கேதான் திறக்கிறது.

இதை உலகம் தெளிவாக உணர்ந்தது 2015 மே மாதத்தில். கிரௌட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் கண்டறிந்த வெனம் என்னும் வழு, சிவிஇ-2015-3456 என்ற பொதுப் பாதுகாப்பு வழு எண்ணில் பதிவானது. அது இருந்த இடம் ஃபிளாப்பி வட்டுக் கட்டுப்படுத்தி. அச்சாதனத்துக்குக் கட்டளைகளும் அவற்றின் அளவுருக்களும் ஒவ்வொரு பைட்டாக ஒரே துறைவழி அனுப்பப்படுகின்றன. கியூஎமு அவற்றை 512 பைட் கொண்ட பஃபரில் சேர்க்கிறது. கட்டளை முடிந்ததும் பஃபரின் நிலையெண் மீண்டும் பூஜ்யத்துக்கு வருகிறது. இரண்டு கட்டளைகளில் மட்டும் இந்த மீட்டமைப்பு உடனே நடக்கவில்லை, அல்லது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டே நடந்தது. நல்ல டிரைவர் அந்த இடைவெளியில் மேலும் பைட்டுகளை அனுப்பாது. ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கெட்ட டிரைவர் அனுப்பிக்கொண்டே இருந்தால் 512ஐத் தாண்டி நினைவகம் எழுதப்படும். இந்த நிரல்வரிகள் 2004 முதலே இருந்தவை. கியூஎமுவின் சாதன நிரல்களைப் பயன்படுத்தியதால் ஸென், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகிய மெய்நிகராக்க மென்பொருள்களும் பாதிக்கப்பட்டன. ஃபிளாப்பி இயக்ககத்தை நிர்வாகி முடக்கியிருந்தாலும், வேறொரு வழுவினால், ஸென்னிலும் கியூஎமுவிலும் அந்தக் கட்டுப்படுத்தி எட்டும் தூரத்திலேயே இருந்தது. திருத்தத்தின் உயிர்நாடி, நிலையெண்ணை எப்போதும் 512க்குள் சுருட்டிவிடுவது. பதினோரு ஆண்டுகள் திறந்த மூலமாக எல்லோர் கண்முன்னும் கிடந்த நிரலில் இப்படி ஒன்று தப்பியது, மனிதர்கள் கவனக்குறைவாக இருந்ததால் மட்டுமல்ல. படிப்பவர் கையேட்டின் ஒழுங்கை மனத்தில் வைத்தே படிக்கிறார். அந்த ஒழுங்கு உடையும் இடம் அவர் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. இத்தனை கவனம் குவிந்த பிறகும், 2021இல் அதே கட்டுப்படுத்தியின் டிஎம்ஏ பகுதியில், அதாவது சாதனம் தானே நினைவகத்தைப் படித்தெழுதும் பகுதியில், இன்னொரு பஃபர் மீறல் சிவிஇ-2021-3507 என்று பதிவானது.

கையேட்டை அறியாத சோதனை என்ற எண்ணம் புதியதல்ல. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர் 1988இல் மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்த வேலையிலிருந்து பிறந்த 1990ஆம் ஆண்டுக் கட்டுரை, தற்செயலான எழுத்துகளை உள்ளிட்டாலே யுனிக்ஸ் பயன்பாட்டு நிரல்களில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நிலைகுலைவதைக் காட்டியது. பிற்பாடு இரண்டு முன்னேற்றங்கள் இம்முறையை மாற்றியமைத்தன. ஒன்று, 2013இல் மிகாவ் ஸலெவ்ஸ்கி வெளியிட்ட ஏஎஃப்எல் பரவலாக்கிய கவரேஜ் வழிகாட்டல்: ஓர் உள்ளீடு நிரலில் இதுவரை ஓடாத கிளையை ஓடவைத்தால் அதைச் சேமித்து, அதிலிருந்தே அடுத்த மாற்றங்களைச் செய்வது. எல்எல்விஎம் தொகுப்பிலுள்ள லிப்ஃபஸ்ஸர் இதே வழியில் நடக்கிறது. கியூஎமு பயன்படுத்துவது அதைத்தான். மற்றொன்று, அட்ரஸ் சானிடைசர் போன்ற காவல் கருவிகள். நினைவகத்தின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, எல்லை மீறிய முதல் படிப்பிலேயே, முதல் எழுத்திலேயே நிரலை நிறுத்தி அறிக்கை தருவது இக்கருவி. இது இல்லாவிட்டால் பஃபருக்கு அடுத்த பைட்டில் எழுதியது பெரும்பாலும் சத்தமின்றிக் கடந்துபோய்விடும். ஃபஸ்ஸர் தவறின் மேல் கால் வைத்தும் அறியாமல் நடந்துவிடும்.

ஆனால் படக்கோப்பைப் படிக்கும் நிரலைச் சோதிப்பதுபோல மெய்நிகர் சாதனத்தைச் சோதிக்க முடியாது. படக்கோப்பு நிரலுக்கு உள்ளீடு ஒரே பைட் வரிசை. சாதனத்துக்கு உள்ளீடு பல வாயில்களில் வருகிறது. எக்ஸ்86 கணினியில் துறைமுகவரிகளே 65,536 உள்ளன. நினைவகத்தில் பொருத்தப்பட்ட பதிவகங்கள் 64 பிட் முகவரி வெளியில் எங்கோ சில பக்கங்களில் மட்டும் இருக்கின்றன. அவையும், சாதனங்களை இணைக்கும் பாட்டையான பிசிஐயின் அமைப்பு முறையாக நடந்து முகவரி ஒதுக்கப்பட்ட பிறகே பதில் சொல்லத் தொடங்கும். தற்செயலாக ஒரு முகவரியைத் தேர்ந்து எழுதினால், அது சாதனத்தைத் தொடவே போவதில்லை என்று துணிந்து சொல்லலாம். 2017இல் வந்த விடிஎஃப் என்னும் ஆய்வு இதைத் தாண்ட, உண்மையான இயங்குதளம் சாதனத்தோடு பேசுவதைப் பதிவுசெய்து, அந்தப் பதிவை மாற்றி மாற்றி மீண்டும் ஓட்டியது. கியூஎமுவின் 18 சாதனங்களில் 200 கோடிக்கும் மேற்பட்ட சோதனைகளை ஓட்டி, அவற்றில் மூன்றில் ஒரு பங்கு சாதனங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நிலைகுலைவுகளையும் உறைவுகளையும் அது கண்டது. பெரிய அறுவடைதான். ஆயினும் பதிவு செய்யப்பட்டது நல்ல டிரைவரின் பேச்சு; அதிலிருந்து விலகும் தூரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. சாதனம் தானாகச் சென்று கெஸ்ட் நினைவகத்திலிருந்து படிக்கும் தரவு அந்தப் பேச்சில் இடம்பெறவே இல்லை.

இந்த இடத்தில்தான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் புலெகோவும் உடன் உழைத்தவர்களும் எடுத்த வழி முக்கியமாகிறது. 2020இல் கியூஎமுவில் சேர்க்கப்பட்ட ஃபஸ்ஸிங் சட்டகம் முதலில் சாதனவாரியான சோதனைகளைக் கொண்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 5.2 பதிப்பில் பொது ஃபஸ்ஸர் இணைந்தது. அதன் ஆய்வு வடிவம் மார்ஃபஸ் என்ற பெயரில் 2022இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியானது. அதன் அணுகுமுறையை இப்படிச் சொல்லலாம்: உள்ளீடு சாதனத்தைத் தேடி அலைய வேண்டாம், சாதனம் எங்கெல்லாம் கேட்கிறது என்று எமுலேட்டரையே விசாரிக்கலாம். கியூஎமுவுக்குள் ஒவ்வொரு சாதனமும் தன் நினைவகப் பகுதிகளையும் துறைகளையும் பதிவுசெய்துகொண்டுதான் இயங்குகிறது. சோதிக்க வேண்டிய சாதனத்தின் பெயர்வடிவைக் கொடுத்தால், ஃபஸ்ஸர் அதன் பகுதிகளை மட்டும் பட்டியலிடுகிறது. பைட் வரிசையில் வரும் எண் எதுவாயினும் அது அப்பட்டியலில் ஒன்றையும் அப்பகுதிக்குள் ஓர் இடத்தையும் குறிக்கும்படி மடக்கப்படுகிறது. பைட் வரிசை முழுவதும் ஒரு குறிப்பிட்ட நான்கு பைட் பிரிப்பானால் துண்டாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு செயலாகிறது: துறையில் எழுது, பதிவகத்தைப் படி, பிசிஐ அமைப்பை மாற்று, கடிகாரத்தை முன்னே நகர்த்து. கடிகாரத்தைச் சேர்த்தது சிறிய செயல்போலத் தோன்றினாலும், டைமர் ஓடி முடிந்த பிறகே உயிர்பெறும் நிரல்வரிகள் சாதனங்களில் ஏராளம் என்பதால், அது இல்லாமல் பல கிளைகள் எப்போதும் இருளிலேயே இருந்திருக்கும்.

இவற்றில் தலைசிறந்தது டிஎம்ஏவைக் கையாண்ட விதம். கியூஎமு வழங்கும் வலையட்டைகளில் ஒன்றான இ1000ஐ எடுத்துக்கொள்ளலாம். அனுப்ப வேண்டிய பொட்டலத்தை டிரைவர் நேரடியாகப் பதிவகத்தில் எழுதுவதில்லை. நினைவகத்தில் 16 பைட் விவரிப்பான்களை வளையமாக அடுக்கி, வளையத்தின் முகவரியைப் பதிவகத்தில் எழுதி, வால் நிலையை நகர்த்தியதும் சாதனம் தானே போய் ஒவ்வொரு விவரிப்பானையும் படிக்கிறது. விவரிப்பானுக்குள் இன்னொரு முகவரி, ஒரு நீளம், சில கொடிகள். அந்த முகவரிக்குப் போய்த் தரவைப் படிக்கிறது. நீளத்தைத் தவறாகக் கணக்கிடும் வழுக்கள் ஒளிந்திருப்பது இந்த இரண்டாம் படியில். தற்செயலாக எழுதிய முகவரியில் அர்த்தமுள்ள விவரிப்பான் இருக்க வாய்ப்பே இல்லை. பெரும்பாலும் பூஜ்யங்களே இருக்கும். சாதனம் வெறுங்கையோடு திரும்பும். பொது ஃபஸ்ஸர் என்ன செய்கிறது என்றால், சாதனம் கெஸ்ட் நினைவகத்தைப் படிக்கக் கேட்கும் கணத்தை இடைமறித்து, கேட்ட அதே முகவரியில், கேட்ட அளவுக்கு, ஃபஸ்ஸரின் பைட்டுகளை அப்போதே நிரப்பிவிடுகிறது. சாதனம் எங்கே கைநீட்டினாலும் அங்கே சோதனைத் தரவு கிடைக்கிறது. விவரிப்பானின் வடிவத்தை யாரும் ஃபஸ்ஸருக்குக் கற்பிக்கவில்லை. கவரேஜ் வழிகாட்டலே எந்த பைட்டை மாற்றினால் புதிய கிளை திறக்கிறது என்று காட்டிவிடுகிறது.

இதன் பயன் எத்தகையது என்பதற்கு, எனக்குத் தெரிந்தவற்றுள் வலுவான சான்று மறுநுழைவு வழுக்கள். கெஸ்ட் ஒரு பதிவகத்தில் எழுத, சாதனத்தின் நிரல் ஓடத் தொடங்குகிறது. அது டிஎம்ஏ வழியாக ஒரு முகவரியில் எழுதப் போகிறது. அந்த முகவரி நினைவகத்தினுடையதாக இல்லாமல் அதே சாதனத்தின் பதிவகமாகவே இருந்தால்? முதல் வேலை முடியாத நிலையில் அதே நிரல் மீண்டும் உள்ளே நுழைகிறது. நடுவே பஃபர் விடுவிக்கப்படலாம். திரும்பி வரும்போது முதல் அழைப்பு விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். எந்தக் கையேடும் டிரைவரை இப்படிச் செய்யச் சொல்வதில்லை, செய்யாதே என்றும் எச்சரிப்பதில்லை, ஏனெனில் உண்மையான வன்பொருளில் இது ஒரு விஷயமே அல்ல. டிஎம்ஏ முகவரி நினைவகத்தைத்தான் குறிக்க வேண்டும் என்று ஃபஸ்ஸர் கருதாததால் இந்தச் சுழற்சி தானாக அமைந்தது. இஹெச்சிஐ யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் சிவிஇ-2021-3750, என்விஎம்இ சாதனத்தின் சிவிஇ-2021-3929 ஆகியவை இவ்வகையின் பதிவான உதாரணங்கள். ஒவ்வொரு சாதனத்திலும் தனித்தனியாக ஒட்டுப்போடுவதை விட்டு, 2023இல் கியூஎமு ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு காவல் கொடியை வைத்து, அது வேலையில் இருக்கும்போது அதன் பதிவகங்களுக்குள் மறுபடி நுழைவதைத் தடுத்தது. ஒரு தனி வழுவைக் கண்டுபிடிப்பதைவிட, ஒரு வகை முழுவதும் இருப்பதை உணர்த்தியதுதான் இங்கே சோதனை செய்த பெரிய உதவி.

சோதனையைத் திரும்ப நடத்தக்கூடியதாக வைத்திருப்பது இன்னொரு சிக்கல். சாதனம் நிலையை நினைவில் வைப்பது; முந்தைய உள்ளீடு விட்டுச் சென்ற எச்சம் அடுத்ததைப் பாதித்தால், நிலைகுலைவு கிடைத்தும் அதை மறுபடி உருவாக்க முடியாமல் போகும். தொடக்கத்தில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் செயல்முறையைக் கிளைபிரித்து, கிளையில் சோதித்து அழித்தார்கள்; இது தூய்மையானது, ஆனால் பராமரிக்கக் கடினமானது. 2023இல் அது கைவிடப்பட்டு, உள்ளீடுகளுக்கு நடுவே மெய்நிகர் கணினியையே மறுதொடக்கம் செய்யும் முறை வந்தது. கிடைத்த ஒவ்வொரு நிலைகுலைவும் கியூடெஸ்ட் என்னும் எளிய உரைக் கட்டளைகளாக மாற்றப்படுகிறது: இந்தத் துறையில் இந்த பைட், இந்த முகவரியில் இந்த எண், அவ்வளவுதான். நிரலைப் பராமரிப்பவர் அவ்வரிகளை ஒட்டி ஓட்டினாலே வழு கண்முன் நிற்கும். மெகாசாஸ், எல்எஸ்ஐ ஸ்கஸி கட்டுப்படுத்தி, சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டை, எஸ்டி அட்டை போன்றவற்றில் இவ்வாறு கிடைத்தவை கியூஎமுவின் நிரந்தரச் சோதனைத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கின்றன.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது: கிடைக்கும் வழுக்களில் பல யாரும் பயன்படுத்தாத பழைய சாதனங்களில் இருப்பவை. இதில் உண்மை இருக்கிறது. கியூஎமுவின் பாதுகாப்புக் கொள்கையே மெய்நிகராக்கப் பயன்பாட்டையும் மற்றவற்றையும் பிரித்து, பின்னதில் உள்ள வழுக்களைச் சாதாரண வழுக்களாகவே நடத்துகிறது. ஆனால் வெனம் இருந்ததும் யாரும் பயன்படுத்தாத சாதனத்தில்தான். பயன்படுத்தாதது என்பதும் எட்டாதது என்பதும் ஒன்றல்ல என்று அது காட்டிவிட்டது. எந்தச் சாதனத்தை நீக்கலாம், எதைக் கொள்கையளவில் ஆதரவற்றதாக அறிவிக்கலாம் என்று முடிவெடுக்கவும் சோதனையின் விளைவுகள்தான் சான்று தருகின்றன. 2019இல் சாதனங்களை மிகக் குறைத்து மைக்ரோவிஎம் என்ற இயந்திர வகையைக் கியூஎமு சேர்த்ததும் இதே கவலையிலிருந்து வந்த இன்னொரு விடை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

இரண்டாவது எதிர்வாதம் கூர்மையானது. நிலைகுலைவுகளில் பெரும்பங்கு உறுதிமொழிச் சரிபார்ப்பு தோற்று நிரல் தானாக நிற்பவை. கெஸ்ட் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, இதில் யாருக்கு நட்டம் என்பது அவ்வாதம். கெஸ்ட்டின் நிர்வாகிக்கு எப்படியும் அதை அணைக்கும் உரிமை உண்டு என்பதும் சரியே. ஆயினும் கெஸ்ட்டுக்குள் இன்னொரு கெஸ்ட் ஓடும்போதும், ஒரு சாதனம் உரிமையற்ற பயனரின் கையில் ஒப்படைக்கப்படும்போதும், உள்ளே இருப்பவர் வெளியே உள்ள முழுக் கணினியையும் வீழ்த்த இதே சரிபார்ப்பு கருவியாகிறது. கியூஎமுவின் நிரலெழுதும் வழிகாட்டலும் இந்தக் காரணத்தைச் சுட்டியே, கெஸ்ட்டால் தூண்டக்கூடிய இடங்களில் நிரலை நிறுத்த வேண்டாம் என்கிறது. நடைமுறையில் இன்னொரு காரணமும் உண்டு: மேலோட்டமான சரிபார்ப்பில் ஃபஸ்ஸர் ஒவ்வொரு முறையும் முட்டி நின்றால், அதற்குப் பின்னால் உள்ள ஆழமான வழுவை அது எட்டவே எட்டாது.

மூன்றாவது, சாதனத்தின் தரவு வடிவங்களைக் கற்றுக்கொடுத்தால் சோதனை இன்னும் ஆழமாகப் போகுமே என்பது. 2021இன் வி-ஷட்டில் விவரிப்பான்களின் வகைகளையும் சுட்டிகளையும் புரிந்துகொண்டு ஊட்டுகிறது. 2023இன் விடெஸ்ஸோ செய்திகளுக்குள்ளும் அவற்றுக்கு இடையிலும் உள்ள சார்புகளைப் பயன்படுத்துகிறது. நீண்ட கைகுலுக்கல் தேவைப்படும் சாதனங்களில் இவ்வறிவு பயன்தரும் என்பதை மறுப்பதற்கில்லை. கியூஎமுவே, மெய்நிகர் கணினிகளுக்கென்றே வகுக்கப்பட்ட விர்ட்டியோ சாதனங்களுக்குத் தனிச் சோதனைகளை வைத்திருக்கிறது. ஆனால் வடிவத்தை எழுதித் தருபவர் தம் அனுமானங்களையும் சேர்த்தே தருகிறார். டிஎம்ஏ முகவரி நினைவகத்தைத்தான் குறிக்கும் என்று இலக்கணத்தில் எழுதிவிட்டால், மறுநுழைவு வழு ஒன்றுகூட அகப்படாது. பல சாதனங்களைக் கொண்ட எமுலேட்டரில் ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் எழுத ஆள் இல்லை என்பதும் மறக்கக்கூடாதது. பொதுச் சோதனையை அடித்தளமாக வைத்து, அது தேங்கும் இடங்களில் மட்டும் அறிவைச் சேர்ப்பதே நியாயமான வரிசை.

சி மொழியைக் கைவிட்டு, நினைவகப் பாதுகாப்புள்ள ரஸ்ட் மொழியில் எழுதினால் இச்சோதனையே தேவைப்படாது என்ற கருத்தும் வலுப்பெற்று வருகிறது. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்னும் மெய்நிகராக்க நிரல் ரஸ்ட்டில் எழுதப்பட்டது, சாதனங்கள் மிகச் சில. கியூஎமுவும் 2024இன் 9.2 பதிப்பில் பிஎல்011 என்ற தொடர்த்துறைச் சாதனத்தை ரஸ்ட்டில் பரிசோதனையாகச் சேர்த்தது. பஃபர் மீறலும் விடுவித்த நினைவகத்தைத் தொடுவதும் இதனால் பெருமளவு குறையும். இதை முழுமனதோடு வரவேற்க வேண்டும். ஆனால் கெஸ்ட் நினைவகம் எப்போதும் பகையாளியின் கையில் இருக்கிறது. சாதனம் நீளத்தை ஒருமுறை படித்துச் சரிபார்த்து, மறுமுறை படித்துப் பயன்படுத்துவதற்குள் கெஸ்ட் அதை மாற்றிவிடலாம். மொழி இதைத் தடுப்பதில்லை. முடிவில்லாத வளையமாக அடுக்கப்பட்ட விவரிப்பான்களில் சாதனம் சுற்றிக்கொண்டே இருக்கும் உறைவையும் தடுப்பதில்லை. ரஸ்ட்டில் எழுதப்பட்ட கிளவுட் ஹைப்பர்வைசர் தன் மூலநிரலிலேயே சாதனங்களுக்கான ஃபஸ்ஸிங் சோதனைகளை வைத்திருப்பது, மொழி மாற்றத்துக்குப் பிறகும் இவ்வேலை எஞ்சுகிறது என்பதற்குப் போதுமான சான்று.

சோதனை காட்டாதவையும் உண்டு. பொது ஃபஸ்ஸர் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே அனுப்புகிறது. பல செயலிகள் ஒரே சாதனத்தை ஒரே கணத்தில் தொடும்போது எழும் போட்டி நிலைகள் அதற்குள் அகப்படுவது அரிது. தொடக்க மதிப்பு கொடுக்கப்படாத ஹோஸ்ட் நினைவகத்தைச் சாதனம் கெஸ்ட்டுக்கு விடையாக அனுப்பிவிட்டால், எதுவும் நிலைகுலைவதில்லை, அட்ரஸ் சானிடைசரும் பேசாது. இரகசியம் மட்டும் கசிந்துவிடும். அதைப் பிடிக்க வல்ல மெமரி சானிடைசருக்குக் கியூஎமு சார்ந்திருக்கும் கிலிப் முதலிய நூலகங்கள் அனைத்தையும் அதே கண்காணிப்போடு மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நூலகம் விடுபட்டாலும் பொய் எச்சரிக்கைகள் குவிந்துவிடும்.